கொடிக்கரைத் துணி

சூசைநல்லூர் அந்தோணியார் கோயில் கொடியைப் புதிதாகப் பார்க்கிறவர்கள் ஒரு நிமிஷம் திகைத்துப் போவார்கள். பிறகு, பாவம், பங்குக் கோயிலில் பணமில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். நடுவில் வெள்ளைப் பட்டில் குழந்தை யேசுவை ஏந்திய அந்தோணியார் லட்சணமாகத்தான் இருப்பார். அவரைச் சுற்றி முழ அகலத்துக்கு ஓடுகிற கரைதான் ஆளைத் திகைக்க வைக்கும். சாயம்போன கைலித் துண்டு, கப்பல் பட்டறையின் ஆரஞ்சு உடுப்பு, வெளிச்சம் பட்டால் மினுங்குகிற பட்டை, திருப்பூர் பனியன் துணி, மீன்வலையில் ஒரு கிழிசல், ரோமாபுரியில் மடத்துச் சமையல்கட்டில் வேலை பார்ப்பவளின் ஏப்ரன், பித்தளைப் பொத்தான்கள், பெயர் அச்சடித்த பிளாஸ்டிக் அட்டை, ரப்பர் கையுறையின் ஒரு சுண்டுவிரல். எல்லாவற்றையும் சணலாலும் பட்டு நூலாலும் ஒன்றோடொன்று பிடித்துத் தைத்திருக்கும். காற்றில்லாத நாளில் அது ஒரு கந்தல் மூட்டை. காற்று வந்துவிட்டால் கண்ணை எடுக்க முடியாது.

பிழைப்புக்காக ஊரைவிட்டுப் போனவர்கள் அனுப்பிய துணிகள் அவை. பர்மாவுக்கு ஆள் போன காலத்தில் தொடங்கிய வழக்கம் என்கிறார்கள், யார் கண்டது. திருவிழாவுக்கு வர முடியாதவன், தான் உடுத்தி வேலை செய்த உடுப்பில் ஒரு துண்டு வெட்டி அனுப்ப வேண்டும். துவைக்கக் கூடாது. வேர்வையோடு வர வேண்டும், அதுதான் முக்கியம். கொடியேற்றத்துக்கு முந்தின நாள் பெண்கள் கோயில் தாழ்வாரத்தில் வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொரு துணியையும் கைமாற்றி மோந்து பார்ப்பார்கள். “சிமிட்டி வாசம் அடிக்குது, இன்னும் கட்டட வேலதான்” என்பாள் ஒருத்தி. “எண்ணெப் பிசுக்கு ஜாஸ்தியா இருக்கே, ஓட்டல்ல சேந்துட்டானா?” என்பாள் இன்னொருத்தி. பிறகு போன வருஷத்துத் துண்டின்மேல் இந்த வருஷத்துத் துண்டு ஏறும்.

மறுநாள் கொடியை ஏற்றுவதற்கு முன்னால் நாலு பேர் அதை விரித்துப் பிடிப்பார்கள். உபதேசியார் கரையைச் சுற்றி வந்து, துணியைத் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். கூட்டத்திலிருந்து அந்த வீட்டார் ‘இருக்கான்’ என்று குரல் கொடுக்க வேண்டும். அந்த நிமிஷம் அவன் எந்தச் சீமையில் கிடந்தாலும் ஊரில் இருப்பதாகக் கணக்கு.

மூன்று திருவிழாவுக்குத் துணி வராவிட்டால் அந்தத் துண்டைப் பிரித்து ஆற்றில் விட்டுவிடுவார்கள். பெயர் செத்தவர்களுக்கான கல்லறைத் திருநாள் பூசைக்குப் போய்விடும்.

விண்ணரசியின் மகன் லியோவுக்கு இது மூன்றாவது வருஷம். கொடிக்கரையைத் தைக்கிறவள் விண்ணரசிதான். பிரிக்க வேண்டியவளும் அவள்தான்.

லியோ தஞ்சாவூரில் ஒரு லேத்துப் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு ஒரு நீலக்கட்டம் போட்ட கைலி வாங்கிவந்தான். பெரியநாயகசாமி அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “இத்தன நல்ல துணிய சேத்துல கட்டிக்கிட்டு எறங்கவா?” என்று துணி காயப்போடும் கயிற்றில் போட்டார். அவருக்குச் சந்தோஷம் வந்தால் அப்படித்தான் பேசுவார். அந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் வரவில்லை. குறுவை போய், சம்பாவும் மணி பிடிக்காமல் சாவியாகப் போனது. லியோ மலேசியா போகிறேன் என்றான். குத்தகை நிலத்தை நான் ஒருத்தன் எப்படிப் பார்ப்பேன் என்று தொடங்கிய பேச்சு, வாய்க்கு வந்தபடி வளர்ந்து, “போ. போனா எனக்குப் புள்ளையில்லன்னு நெனச்சுக்கிறேன்” என்பதில் போய் நின்றது. பையன் போய்விட்டான். அடுத்த திருவிழாவுக்கு ஒரு பச்சைத் துண்டு வந்தது. ரப்பர் கையுறைக் கம்பெனி உடுப்பு. கூடவே அந்தச் சுண்டுவிரலும். ரப்பர் பால் நாற்றம் குப்பென்று அடித்தது. விண்ணரசிக்கு அது மல்லிகைப்பூ. அதன்பிறகு ஒன்றுமே வரவில்லை.

கூப்பிடும்போது விண்ணரசி மட்டும் ‘இருக்கான்’ என்பாள். பெரியநாயகசாமி கூட்டத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் வேறு எங்கோ பார்த்தபடி நிற்பார். மகன் பெயர் அவர் வாயில் வந்து நாலு வருஷம் ஆகிறது.

வைகாசி கடைசி. குடமுருட்டி ஆற்றில் மணல்தான் ஓடிக்கொண்டிருந்தது. மேட்டூரைத் திறப்பார்களா என்று டீக்கடையில் தினமும் திறந்து மூடிக்கொண்டிருந்தார்கள். டீசல் இஞ்சின் வைத்திருந்தவர்கள் மட்டும் ஆழ்குழாய்ப் போர்த் தண்ணீரில் நாற்றங்கால் விட்டிருந்தார்கள். பழுத்த வெயிலில் அந்தப் பச்சைச் சதுரங்கள் மட்டும் யாரோ காயப்போட்டு எடுக்க மறந்த துணிகளாகக் கிடந்தன.

மலேசியாவிலிருந்து ரெமிஜியஸ் விடுமுறைக்கு வந்திருக்கிறான் என்று கேள்விப்பட்டதும் விண்ணரசிக்கு அடுப்பில் வைத்த உலை மறந்துபோனது. பெரியநாயகசாமியின் அக்காள் மகன் அவன். அந்தப் பக்கத்து ஆட்கள் எல்லாருடைய துணியும் அவன் பையில்தான் வரும். சாயந்திரம் அவனே வந்தான். அவள் நுங்கு சீவி வைத்தாள். அவன் நுங்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“சாப்புடு, காஞ்சு போயிடும்.”

“அத்தை, நான் தேடாம இல்ல. அந்தக் கம்பெனிக்கே போயிக் கேட்டேன். அங்கேருந்து போயி ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சுங்கிறாங்க. பர்மிட்டு முடிஞ்சுபோச்சாம். சபா மாநிலத்துப் பக்கம் போயிட்டான்னு ஒருத்தன் சொல்றான். இல்ல, ஈப்போ மார்க்கெட்டுல பாத்தேங்கிறான் இன்னொருத்தன்.”

“பாத்தவன் பேசுனானா?”

“கூப்புடறதுக்குள்ள கூட்டத்துல போயிட்டானாம்.”

“அப்ப அவனாத்தான் இருக்கும். கூப்புட்டா எப்ப நின்னிருக்கான்?”

ரெமிஜியஸ் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. “பர்மிட்டு இல்லாதவன் கண்ணுல படமாட்டான் அத்தை. ஆளு இல்லன்னு ஆயிடுமா?”

“இங்க ஆயிடும்ப்பா. நாளைக்கழிச்சு நாந்தான் பிரிக்கணும்.” அவள் முந்தானையால் நுங்குத் தட்டை ஈ மொய்க்காமல் மூடினாள். “ஒண்ணு கேப்பேன், தப்பா நெனச்சுக்காத. ஒன்னோட பழைய சட்ட ஏதாச்சும் இருந்தா…”

“அத்தை.”

“ஒரு துண்டு போதும்.”

“குடுக்கறதுக்கு என்ன அத்தை? ஆனா என் வேர்வைய எங்கம்மாவே மோந்து பாப்பாங்களே. நாலு ஊட்டுச் சட்டைக்கு நடுவுல என் சட்டைய வாசத்துல எடுக்கிறவங்க அவங்க. ஒடம்புல ஓடுற ரத்தந்தானே வேர்வையா வருது.”

அவன் போனபிறகும் அந்தப் பேச்சு அவளை விடவில்லை. ஓடுகிற ரத்தம்தானே வேர்வை. அப்படியானால் லியோவின் ரத்தம் யாருடையது?

மறுநாள் விடிந்ததும் தகரப் பெட்டியைத் திறந்தாள். அவன் லேத்துப் பட்டறைக்குப் போட்டுக்கொண்டு போன நீலச் சட்டை மடித்தபடி இருந்தது. பையில் ஒரே ஒரு வெள்ளைப் பொத்தான், மற்றதெல்லாம் நீலம். அறுந்துபோனபோது அவசரத்துக்கு அவள்தான் தைத்துக் கொடுத்தாள். சட்டையில் பாச்சை உருண்டை வாசம் தவிர வேறொன்றும் இல்லை. அவன் ஊரை விட்டுப் போன அன்றே துவைத்து மடித்து வைத்த தன் கையை நொந்துகொண்டாள். புடவைக்குமேல் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு தங்கள் நாற்றங்காலுக்குக் களையெடுக்கப் போனாள்.

வயலில் வேலை செய்கிற பெண்கள் ஆண் சட்டை போட்டுக்கொள்வது எங்கும் உள்ளதுதான். வெயிலுக்கும் கொசுவுக்கும் அது நல்லது. யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. ஆனாலும் சட்டைக்குள் கை நுழைந்தபோது அவளுக்கு உடம்பு கூசியது. தோள் அவளுக்குப் பெரிதாக இருந்தது. இத்தனை பெரிய தோளா அவனுக்கு, எப்போது வளர்ந்தான் என்று நினைத்தாள்.

குனிந்து களை பறித்தாள். வெயில் ஏற ஏற முதுகில் வேர்வை ஊறித் துணி ஒட்டிக்கொண்டது. இஞ்சின் டக்டக்கென்று ஒரே தாளத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கேட்டுக்கொண்டே இருந்தால் கண் சொருகும் சத்தம் அது. ஒரு கட்டத்தில் நாற்றங்கால் தண்ணீரில் பார்த்தால் நீலச் சட்டை குனிந்து வேலை செய்துகொண்டிருந்தது. முகம் தெரியவில்லை. அவன்தான் களை பறிக்கிறான், தான் கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று தோன்றிவிட்டது. “மெல்லடா, நாத்தச் சேத்துப் புடுங்காத” என்று வாய்விட்டே சொன்னாள். தண்ணீரில் இருந்த சட்டை நிமிர்ந்தது. அவளும் நிமிர்ந்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை, அப்படி ஒரு நிம்மதியாக இருந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு அவன் பக்கத்தில் இருந்தான்.

நிமிர்ந்தவள் கண்ணில் பெரியநாயகசாமி பட்டார். இஞ்சின் கொட்டகை வாசலில் மண்வெட்டியோடு நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை நேரமாகவோ.

“அந்தச் சட்டை எதுக்கு?”

“கொசு கடிக்குது.”

“உச்சி வெயில்ல கொசுவா?”

“கடிக்குதுங்க.”

வெள்ளைப் பொத்தானில் அவர் பார்வை நின்றது. பிறகு கொட்டகைக்குள் போனார். இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. ஆள் வெளியே வர வெகுநேரம் ஆனது. கஞ்சி கொண்டுபோனபோது வாங்கிக் குடித்தார், சுட்ட கருவாட்டைத் தொடவில்லை. சாயந்திரம் எங்கே போகிறேன் என்று சொல்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு தன் அக்காள் வீட்டுப் பக்கம் போனார்.

மறுநாள் பிற்பகல், கோயில் தாழ்வாரம். கடுங்காப்பியும் பட்டாணிச் சுண்டலும் வந்திருந்தன. ரெமிஜியஸின் அம்மா உடம்புக்கு முடியாமல் வீட்டிலேயே இருந்துவிட்டாள். விண்ணரசி மடியில் கொடியை விரித்து, ஊசியில் நூல் கோத்து வைத்திருந்தாள். துணிகள் வட்டத்தில் சுற்றத் தொடங்கின. சிங்கப்பூர்த் துணியில் வெல்டிங் பொறி பட்ட ஓட்டைகள் இருந்தன. திருப்பூர்க்காரன் துணியில் சாயப்பட்டறை நெடி. “இவன் குடிக்கிறத விடலடி” என்று ஒருத்தி தன் தம்பியின் துணியை மூக்கிலிருந்து எடுத்தாள். எல்லாரும் சிரித்தார்கள்.

விண்ணரசி தன் இடுப்பிலிருந்து நீலத் துண்டை எடுத்தாள். வெட்டும்போது பையோடு சேர்த்து வெட்டியிருந்தாள். பொத்தானை மட்டும் விட மனம் வரவில்லை. அதுதான் அவள் செய்த மடத்தனம், ஊரே பார்த்த பொத்தான் அது.

“லியோவுது. நேத்துத்தான் வந்துச்சு” என்றாள். குரல் தன்னுடையதாக இல்லை.

துணி அம்சவல்லி கைக்குப் போனது. அம்சவல்லி சாமி கும்பிடுவது சிவன் கோயிலில் என்றாலும் செவ்வாய்க்கிழமை தவறாமல் அந்தோணியாருக்கு மெழுகுதிரி ஏற்றுகிறவள். மாடு வைத்துப் பால் கறந்து பிழைக்கிறாள். அவளுடைய ஒரே மகன் நாகநாதன் சவுதியில். அவள் துணியை மூக்கில் வைத்தாள். வைத்தவள் எடுக்கவில்லை.

விண்ணரசிக்கு அப்போதுதான் புத்தியில் உறைத்தது. வேர்வையைப் பற்றித்தான் யோசித்தாளே தவிர, சேற்றைப் பற்றி யோசிக்கவே இல்லை. அத்தனை நேரம் நாற்றங்காலில் கிடந்த துணி. எருவும் போர்த் தண்ணீரும் கலந்த அந்த வாசம் வட்டத்தில் இருந்த அத்தனை பேர் நகக்கண்ணிலும் இருந்தது. பிறந்ததிலிருந்து அதை மோந்துகொண்டிருப்பவர்கள். மலேசியாவில் ஏது சூசைநல்லூர்ச் சேறு?

அம்சவல்லி துணியை இறக்கினாள். கட்டைவிரலால் வெள்ளைப் பொத்தானை ஒருமுறை தடவினாள்.

“ம். சீம வாசந்தான்” என்று சொல்லிப் பக்கத்தில் கொடுத்தாள்.

அடுத்தவள் மோந்து பார்த்தாள். அவள் கண் சிவந்தது. “ஆமா, சீம வாசந்தான்.” அதற்கடுத்தவள் மூக்கருகில்கூடக் கொண்டுபோகவில்லை. “எனக்கு சளி. சரியாத்தான் இருக்கும்” என்றாள். அப்படியே வட்டம் முழுக்கச் சுற்றி, எல்லாருடைய கையும் பட்டு, துணி விண்ணரசியின் மடிக்குத் திரும்பி வந்தது. அவள் தலை நிமிரவில்லை. பழைய பச்சைத் துண்டின்மேல் அதை வைத்துத் தைத்தாள். தையல் கண்ணீரில் கலங்கி ஓடியது.

அடுத்து வந்தது நாகநாதன் துணி. வருஷாவருஷம் அத்தர் கமகமவென்று வரும். எல்லாரும் ஆசையாக மோந்து பார்ப்பார்கள். விண்ணரசியும் மோந்தாள். இந்த முறை அவள் மூக்கு அத்தரோடு நிற்கவில்லை. அதற்கு அடியில், மெல்லிசாக, புண்ணாக்கும் சாணியும் கறந்த பாலும் இருந்தன. அவள் திடுக்கிட்டு அம்சவல்லியைப் பார்த்தாள். அம்சவல்லி சுண்டல் கொறித்துக்கொண்டிருந்தாள்.

“நல்ல அத்தரு, அக்கா” என்றாள் விண்ணரசி.

“சவுதில அத்தரு மலிவு” என்றாள் அம்சவல்லி. “நீ தச்சுக்கிட்டு இரு.”

விண்ணரசி தன் மடியில் கிடந்த கரையைப் பார்த்தாள். இத்தனை வருஷம் தன் கையால் தைத்த கரை. இதில் கடல் தாண்டி வந்தது எத்தனை, பெட்டியிலிருந்து வந்தது எத்தனை? யாருக்குத் தெரியும். தெரிந்தவர்கள் எல்லாரும் இங்கேதான் காப்பி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அப்போது ரெமிஜியஸ் செருப்பைக் கழற்றிவிட்டுத் தாழ்வாரத்துக்கு வந்தான். முகத்தில் பொய் சொல்லிப் பழகாதவனின் வேர்வை.

“அத்தை, ஒண்ணு விட்டுப்போச்சு. என் பையிலயே அடியில கெடந்துச்சு. லியோ குடுத்துவிட்டது.”

எல்லாக் கையும் அப்படியே நின்றது. விண்ணரசி வாங்கினாள். நீலக்கட்டம் போட்ட கைலித் துண்டு, வெட்டத் தெரியாத கை அரிவாளால் அறுத்தது. புதுத் துணியின் கஞ்சி இன்னும் முழுசாகப் போகவில்லை. மோந்து பார்த்தாள். டீசல். இஞ்சின் மசி. அதற்குள் சுருட்டு. அவளோடு முப்பது வருஷமாக வாழ்கிற வாசம்.

இஞ்சின் கொட்டகைக்குள் அவர் அத்தனை நேரம் என்ன செய்தார் என்பது புரிந்தது. கட்டவே மாட்டேன் என்ற கைலியைக் கட்டிக்கொண்டு இஞ்சின் சூட்டில் வேர்க்க வேர்க்க உட்கார்ந்திருந்திருக்கிறார். அப்படி உட்கார்ந்திருந்த அந்த மனுஷனை நினைத்ததும், நாலு வருஷமாக அவர்மேல் வைத்திருந்த கோபம் அவளுக்குள் உட்கார இடமில்லாமல் எழுந்து போய்விட்டது.

“ஒருத்தனுக்கு ரெண்டு துணியா?” என்று விவரம் புரியாத ஒருத்தி கேட்டுவிட்டாள்.

அம்சவல்லி அவள் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். “ஒண்ணு கப்பல்ல போட்டிருப்பான், ஒண்ணு ஏரோப்பிளேன்ல. ரெண்டும் ஒண்ணா வந்துருச்சு. ஏன், வரக்கூடாதா? கொடு, மோந்து பாப்போம்.”

இந்தத் துணியும் சுற்றியது. டீசல் நெடியில் ஒருத்தி தும்மியேவிட்டாள். தும்மி முடித்து, “சீம வாசந்தான்” என்றாள். விண்ணரசிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே நேரத்தில் வந்தன. நீலச் சட்டையை ஏற்கெனவே தைத்தாகிவிட்டது. கைலித் துண்டைக் கரையின் மறு ஓரத்தில், வழக்கம் தொடங்கிய அடையாளத்துக்கு மட்டும் பிரிக்காமல் வைத்திருந்த பர்மாத் துணிக்குப் பக்கத்தில் தைத்தாள்.

வீட்டுக்கு வந்தபோது விளக்கு வைக்கிற நேரம். பெரியநாயகசாமி கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

“தச்சாச்சா?”

“ஆச்சுங்க.”

“பிரிச்சியா?” தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“பிரிக்கல. துணி வந்துச்சு.”

“வந்துச்சா?”

“ரெண்டு வந்துச்சு.”

அவர் ஏற்கெனவே கழுவின காலையே மறுபடி கழுவினார்.

“ஒண்ணுல சேத்து வாசம்” என்றாள். “ஒண்ணுல டீசல் வாசம்.”

பிறகு அவர், “டீசல் வேலைல சேந்திருப்பான்” என்றார். “லேத்து ஓட்டுன பய. இஞ்சின்னா அவனுக்கு உசுரு.”

“ஆமாங்க.”

“சேத்து வேலையும் பாப்பான் போல.”

“ஒங்க புள்ளைதானே. பாக்கத்தான் செய்வான்.”

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அவள் உள்ளே போய்ச் சோறு போட்டாள். கத்தரிக்காய்க் குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

கொடியேற்றத்தன்று மேல்காற்று கிளம்பிவிட்டது. மணல் ஆற்றைத் தாண்டி வந்த காற்றில் மெழுகுதிரி நிற்கவில்லை. பங்குச் சாமியார் மந்திரித்துத் தண்ணீர் தெளித்தார். நாலு பேர் கொடியை விரித்துப் பிடிக்க, அது கையிலேயே நிற்காமல் பொங்கியது. உபதேசியார் கரையைப் பிடித்தபடி சுற்ற ஆரம்பித்தார். ஆரோக்கியம் மகன் அற்புதம். இருக்கான். அம்சவல்லி மகன் நாகநாதன். இருக்கான் என்றாள் அம்சவல்லி, ஊருக்கே கேட்கும்படி. விண்ணரசி மகன் லியோ.

“இருக்கான்” என்றாள் விண்ணரசி.

பெயர்கள் போய்க்கொண்டிருந்தன. வேப்பமரத்தடியில் பெரியநாயகசாமி இல்லை என்பதை அவள் கவனித்தாள். எங்கே போனார் என்று கண்ணால் தேடினாள். அதற்குள் உபதேசியார் மறு ஓரத்துக்கு வந்து பர்மாத் துணியைத் தொட்டு, அதற்குப் பக்கத்துத் துண்டில் கையை வைத்துத் தயங்கினார். நீலக்கட்டம். யாருடையது என்று விண்ணரசியைப் பார்த்தார். அவள் உதட்டை மட்டும் அசைத்தாள். அவருக்கும் மூக்கு உண்டு, காற்றும் அவர் பக்கம்தான் அடித்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“பெரியநாயகசாமி மகன் லியோ.”

கூட்டம் திரும்பிப் பார்த்தது. கொடிமரத்துக்குப் பக்கத்தில், கயிறு பிடிக்கிறவர்களோடு பெரியநாயகசாமி நின்றுகொண்டிருந்தார். ஓரத்தில் ஒரு துண்டு குறைந்த நீலக்கட்டம் போட்ட கைலி கட்டியிருந்தார். கயிற்றைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டார். உபதேசியார் காத்திருந்தார். சாமியார் காத்திருந்தார். காற்றுகூட ஒரு நிமிஷம் நின்றதுபோல் இருந்தது.

“இருக்கான்” என்றார். பிறகு, கேட்காமல் போய்விடுமோ என்று பயந்தவராக, கிழக்கே கடல் பக்கம் பார்த்துக் கத்தினார். “எம்மவன் லியோ இருக்கான்!”

உபதேசியார் அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.